செம்பெயர்ச்சியைக் கையால் கணக்குப் போட்டுப் பழகுவோம்

பேரண்டம் விரிகிறது என்பதைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிடும். கீழே செம்பெயர்ச்சிச் சூத்திரம், அதற்கும் கீழே ஹபிள் விதி, அவ்வளவுதான், பக்கம் முடிந்துவிடும். நான் பள்ளியில் படித்தபோது இந்தப் பக்கத்தை வரி பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். ஆனால் தூரத்து விண்மீன் திரள்கள் எல்லாம் செக்கச்செவேலென்று தெரியும் என்றுதான் அப்போது நம்பியிருந்தேன். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அதனால் திருத்திக்கொள்ளவும் இல்லை. பிற்பாடு ஒரு நிறமாலைப் படத்தின் மேல், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் படத்தின் மேல், அளவுகோலை வைத்து நானே அளந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அதனால் இங்கே பெருவெடிப்பிலிருந்து ஆரம்பிக்கப்போவதில்லை. ஒரு கோடு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, நகர்ந்திருக்கிறது, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று மட்டும் முதலில் பார்ப்போம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னாலேயே வரும்.

பென்சில், அளவுகோல், கால்குலேட்டர், பழைய சிடி ஒன்று, துணி தைக்கப் பயன்படும் எலாஸ்டிக் நாடா ஒரு முழம், இவை இருந்தால் போதும். படித்துக்கொண்டே போகாமல் கூடவே செய்து பாருங்கள், குறிப்பாக எலாஸ்டிக் வரும் இடத்தில்.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள்

ஒரு பொருளின் ஒளி நீள அலைப் பக்கம் நகர்ந்து வருவதைத்தான் செம்பெயர்ச்சி என்கிறோம், அந்தப் பெயரே ஆளைக் குழப்பும். சில புத்தகங்களில் சிவப்பு விலகல் என்றோ சிவப்பு இடப்பெயர்ச்சி என்றோ இருக்கும், எல்லாம் ஒன்றுதான். பெயரில் சிவப்பு இருப்பதால் பொருளும் சிவப்பாகிவிடும் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. திருவாதிரை நட்சத்திரம் சிவந்து தெரிகிறதே, அது செம்பெயர்ச்சியா என்றால், கிடையாது. அதன் மேற்பரப்பு சூரியனைவிடக் குளிர்ந்தது, ஏறத்தாழ 3,500 கெல்வின், அதனால் அந்த நிறம். மாலைச் சூரியன் சிவப்பது நீல ஒளி காற்றில் சிதறிப்போவதால். இந்த இரண்டுக்கும் நம் விஷயத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஒரு விண்மீன் திரளின் ஒளி முழுவதும் நீள அலைப் பக்கம் நகர்ந்தால் சிவப்பு அகச்சிவப்பாகிக் கண்ணுக்கு மறையும், ஆனால் அதே நேரத்தில் இதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த புறஊதா ஒளி நகர்ந்து ஊதாவும் நீலமுமாக உள்ளே வரும். ஒன்று போனால் இன்னொன்று வந்து நிற்கிறது. ஆக, நிறத்தை வைத்து எவ்வளவு நகர்ந்தது என்று நேரடியாகச் சொல்ல முடியாது.

இதில் தடுமாறுவது மாணவர்கள் மட்டும் இல்லை. கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் தன் விளைவை வெளியிட்ட கட்டுரையே இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றியதுதான். அவை நகர்வதால்தான் நிறம் வேறுபடுகிறது என்று அவர் நினைத்தார். விளைவு சரி, அதைப் பொருத்திய இடம் தப்பு, ஏனென்றால் அந்த விண்மீன்களின் வேகம் நிறத்தை மாற்றும் அளவுக்கு இல்லை. நிறத்தை விட்டுவிட்டு நிறமாலையில் உள்ள கோடுகளைப் பார்க்கவேண்டும் என்று 1848-இல் எடுத்துச் சொன்னவர் ஃபிசோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர். நாமும் அந்த வழியிலேயே போவோம்.

கோடுகளை நேரில் பாருங்கள்

இரவில் அறையில் ஒரே ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, சிடியின் பளபளக்கும் பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். எல்இடி விளக்கு என்றால் வானவில்போல ஒன்றோடொன்று கலந்த பட்டை தெரியும். பழைய குழல் விளக்கோ சிஎஃப்எல் விளக்கோ கிடைத்தால் காட்சியே வேறு: ஊதா கலந்த நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று என்று விளக்கின் உருவம் தனித்தனியாக விழும், நடுவில் இருட்டு. அந்த ஊதா கலந்த நீலம் விளக்குக்குள் இருக்கும் பாதரச ஆவியின் கோடு, அலைநீளம் ஏறத்தாழ 436 நானோமீட்டர். எந்த ஊரில், எந்த விளக்கில் பார்த்தாலும் பாதரசத்துக்கு அதே 436 வரும். விளக்குக்கு முன்னால் மெல்லிய பிளவு வெட்டிய ஓர் அட்டையை வைத்தால் பட்டைகள் கோடுகளாகவே கூர்மையடையும், அதையும் செய்து பாருங்கள். சிடியால் சூரியனைப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், கண் போய்விடும்.

சூரிய நிறமாலையில் குறுக்கே கறுப்புக் கோடுகள் ஓடுவதை ஃபிரான்ஹோஃபர் 1814-இல் வரிசையாக வரைந்து வைத்தார். அவை எதனால் என்பதைக் கிர்க்காஃபும் புன்சனும் 1859, 1860 வாக்கில் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு, சூடான வாயு அந்த இடங்களில் ஒளியை உமிழும், குளிர்ந்த வாயு அதே இடங்களில் ஒளியை விழுங்கும்.

நமக்கு முக்கியமானது ஹைட்ரஜன், பேரண்டத்தில் அதிகம் இருப்பது அதுதான். அதன் கட்புலக் கோடுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 656.3, 486.1, 434.0, 410.2 நானோமீட்டர். முதல் கோடு சிவப்பில், இரண்டாவது நீலப்பச்சையில், மற்ற இரண்டும் ஊதாப் பக்கம். இவை பூமியில் ஆய்வகத்தில் அளந்த மதிப்புகள், இவற்றை அசல் அலைநீளம் என்று சொல்வோம்.

இப்போது எண்களை அடுத்தடுத்து வகுத்துப் பாருங்கள். 656.3 ÷ 486.1 என்றால் 1.350. அடுத்தது 486.1 ÷ 434.0, அது 1.120. கடைசி 434.0 ÷ 410.2, அது 1.058. இந்த மூன்று எண்களும் ஹைட்ரஜனின் கைரேகை மாதிரி. கோடுகள் எவ்வளவு தூரம் நகர்ந்தாலும் எல்லா அலைநீளங்களும் ஒரே எண்ணால்தான் பெருக்கப்படுகின்றன, அதனால் விகிதம் அப்படியே இருக்கும். பாடப்புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதே இல்லை, எனக்கு அது வருத்தம்தான். கோடு நகர்ந்துவிட்டால் அது ஹைட்ரஜன் கோடுதான் என்று எப்படித் தெரியும் என்ற நியாயமான கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்

ஏதோ ஒரு விண்மீன் திரளின் நிறமாலை கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 669.4-இல் ஒரு கோடு, 495.8-இல் ஒரு கோடு. முதலில் விகிதம்: 669.4 ÷ 495.8 = 1.350. சரி, ஹைட்ரஜன்தான். அப்புறம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க, 669.4-இலிருந்து 656.3-ஐக் கழித்தால் 13.1 நானோமீட்டர்.

செம்பெயர்ச்சி = அலைநீள மாற்றம் ÷ அசல் அலைநீளம்

13.1 ÷ 656.3 = 0.02. இதற்கு அலகு கிடையாது, வெறும் எண். புத்தகங்களில் இதை இசட் என்ற எழுத்தால் குறிப்பார்கள். இரண்டாவது கோட்டிலும் சரிபாருங்கள்: 495.8 − 486.1 = 9.7, அதை 486.1-ஆல் வகுத்தால் மறுபடியும் 0.02. நானோமீட்டர் கணக்கில் ஒன்று 13.1, இன்னொன்று 9.7 நகர்ந்திருக்கிறது, ஆனாலும் விகிதம் ஒன்றே. இரண்டு கோடுகளுக்கும் வேறு வேறு விடை வந்தால் கோடுகளைத் தப்பாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இங்கே பலரும் செய்யும் தவறு, கண்ட அலைநீளத்தால் வகுப்பது. எப்போதும் அசல் அலைநீளத்தால்தான் வகுக்கவேண்டும். சிறிய செம்பெயர்ச்சியில் இந்தத் தவறு கண்ணில் படாது, 0.0200-க்குப் பதில் 0.0196 வரும், அவ்வளவுதான். பெரிய செம்பெயர்ச்சியில் விடையே மாறிவிடும், அடுத்த எடுத்துக்காட்டில் பாருங்கள்.

செம்பெயர்ச்சி 0.1-ஐவிடக் குறைவாக இருந்தால் வேகத்துக்கு எளிய வழி உண்டு: செம்பெயர்ச்சியை ஒளியின் வேகத்தால் பெருக்குங்கள். 0.02 × 3,00,000 = நொடிக்கு 6,000 கிலோமீட்டர்.

விடை எதிர்க்குறியோடு வந்தால் பயப்படவேண்டாம், அது நீலப்பெயர்ச்சி, பொருள் நம்மை நோக்கி வருகிறது. ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் அப்படித்தான். அதன் 656.3 கோடு ஏறத்தாழ 655.6-இல் கிடைக்கும், கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது என்று வரும். இதை முதன்முதலில் அளந்தவர் வெஸ்டோ ஸ்லைஃபர், 1912-இல், அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லோவெல் வானாய்வகத்தில். அப்போது ஆண்ட்ரோமெடா இன்னொரு விண்மீன் திரள் என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மங்கலான அந்த ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதிக்கப் பல மணி நேரம் தொலைநோக்கியைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது. 1917-க்குள் அவர் இப்படி 25 சுருள் நெபுலாக்களை (சுருள் வடிவில் மங்கிய மேகம் மாதிரி தெரிந்தவற்றுக்கு அன்றைய பெயர்) அளந்து முடித்தார், அவற்றில் 21 விலகிச் செல்பவை. ஏன் இத்தனை ஒருபக்கச் சாய்வு என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

ஆறு வாரம் திணறிய ஒரு படம்

இந்த முறையை முழுசாக ஒருமுறை உண்மையான பொருளில் போட்டுப் பார்க்க 3சி 273-ஐவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. வானில் அது சாதாரண நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி, ஆனால் பலமான ரேடியோ அலைகளை அனுப்பியது. அதன் நிறமாலையில் இருந்த கோடுகளோ ஆறு வாரம் பார்த்தும் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. பாலோமர் மலையின் 5 மீட்டர் தொலைநோக்கியில் அதை எடுத்த மார்ட்டன் ஷ்மிட் 1963 பிப்ரவரியில் அந்தக் கோடுகளின் இடைவெளியில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனித்தார். கோடுகள் ஏறத்தாழ 563, 503, 475 நானோமீட்டரில் இருந்தன.

நீங்களே விகிதம் எடுங்கள். 563 ÷ 503 = 1.119. 503 ÷ 475 = 1.059. மேலே தாளில் எழுதிய எண்களோடு ஒப்பிட்டால் 1.120, 1.058! ஹைட்ரஜனேதான், எல்லாம் கூட்டாக நகர்ந்து நிற்கிறது. 486.1 இருக்கவேண்டியது 563-க்குப் போயிருக்கிறது, மாற்றம் 76.9, அதை 486.1-ஆல் வகுத்தால் 0.158. தவறாக 563-ஆல் வகுத்திருந்தால் 0.137 வந்திருக்கும், பாருங்கள், இங்கே பிழை பெரிசு. நட்சத்திரம் என்று நினைத்த புள்ளி 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருந்துகொண்டு இவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பது இந்த ஒரு வகுத்தலில் வெளிவந்தது. குவேசார் என்று இன்று அழைக்கும் பொருள்களில் முதலில் புரிந்துகொள்ளப்பட்டது இதுதான். இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஓடுகிறதா, இழுபடுகிறதா

வகுப்பில் செம்பெயர்ச்சியை டாப்ளர் விளைவோடு சேர்த்துத்தான் சொல்லித்தருவார்கள். நெதர்லாந்தில் 1845-இல் பைஸ் பாலட் என்பவர் ரயிலில் ஊதுகொம்பு வாசிப்பவர்களை ஏற்றிவிட்டு, பாதையோரம் இசைக்காது உள்ளவர்களை நிறுத்தி, ரயில் நெருங்கும்போது சுருதி ஏறுவதையும் விலகும்போது இறங்குவதையும் சோதித்தார். நெருங்கும் மூலத்திலிருந்து வரும் அலைகள் நெருக்கமாக வந்து சேரும், விலகும் மூலத்தின் அலைகள் அகன்று வரும். ஆண்ட்ரோமெடா போன்ற பக்கத்து விண்மீன் திரளுக்கும், ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களுக்கும் இந்த விளக்கம் போதும்.

தூரத்து விண்மீன் திரள்களுக்கு வந்தால் படத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். அவை வெளிக்குள் ராக்கெட் மாதிரி பாய்ந்து ஓடவில்லை. நமக்கும் அவற்றுக்கும் இடைப்பட்ட வெளியே நீள்கிறது, அந்த வெளியில் பயணம் செய்யும் ஒளியும் வழியெல்லாம் அதோடு சேர்ந்து இழுபடுகிறது. சிறிய செம்பெயர்ச்சியில் இரண்டு படங்களும் ஒரே எண்ணைத் தருகின்றன, அதனால் தேர்வில் டாப்ளர் சூத்திரம் போட்டாலும் விடை சரிதான். ஆனால் புரிதலுக்கு இழுபடுதல் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வது நல்லது, பின்னால் வரும் குழப்பங்களில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

எலாஸ்டிக்கை எடுங்கள்

நாடாவை இழுக்காமல் மேசைமேல் வைத்து 0, 2, 4, 6, 8, 10 சென்டிமீட்டரில் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியின்மேலும் கடுகளவு காகிதத் துண்டை ஒட்டுங்கள், பசை நடுவில் மட்டும் இருக்கட்டும். இவைதான் விண்மீன் திரள்கள். பேனாப் புள்ளியே போதுமே என்று தோன்றும், ஆனால் பேனாப் புள்ளி இழுக்கும்போது தானும் நீளும், காகிதம் நீளாது. உண்மையிலும் விண்மீன் திரள்கள் நீள்வதில்லை, அவற்றை ஈர்ப்பு விசை கட்டி வைத்திருக்கிறது.

இப்போது ஒருவர் 0 புள்ளியை அளவுகோலின் பூஜ்யத்தில் அழுத்திப் பிடிக்க, நீங்கள் கடைசிப் புள்ளி 15-க்கு வரும்வரை இழுங்கள். மற்றவை எங்கே நிற்கின்றன? 3, 6, 9, 12. ஏறக்குறைய வந்தாலும் சரி, எலாஸ்டிக் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீளாது. 2-இல் இருந்தது 1 சென்டிமீட்டர் நகர்ந்தது, 4-இல் இருந்தது 2 நகர்ந்தது, 10-இல் இருந்தது 5 நகர்ந்தது, இவ்வளவும் ஒரே நேரத்தில். இருமடங்கு தூரத்தில் இருப்பது இருமடங்கு வேகமாகப் போயிருக்கிறது. யாரும் அந்தத் தூரத்துக் காகிதத்தைத் தனியாகத் தள்ளவில்லை, இடையில் நீள்வதற்கு அதிக நாடா இருந்தது, அதுதான் காரணம்.

இங்கேயே நின்றுவிடாதீர்கள். இப்போது 4-இல் இருந்த காகிதம்தான் நம் வீடு என்று வைத்துக்கொண்டு திரும்பக் கணக்கெடுங்கள். முன்பு வலப்பக்க அண்டைவீட்டுக்காரர் 2 சென்டிமீட்டர் தள்ளி இருந்தார், இப்போது 3. இடப்பக்கத்துக்காரரும் அப்படியே, 2 போய் 3. எல்லாரும் நம்மைவிட்டு விலகுகிறார்கள்! 8-இல் இருந்தவரை வீடாக வைத்தாலும் இதே கதை. எல்லாமே நம்மைவிட்டு விலகுகிறதே, அப்படியானால் நாம்தான் நடுவிலா என்ற கேள்விக்கு நாடா பதில் சொல்லிவிட்டது: எங்கே நின்றாலும் அப்படித்தான் தெரியும், நடு என்று தனியாக ஓர் இடம் வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. நாடாவைத் தளரவிட்டு அதன்மேல் ஓர் அலை வரையுங்கள், முகட்டுக்கு முகடு 2 சென்டிமீட்டர். பிறகு முன்போலவே இழுங்கள். முகட்டுக்கு முகடு 3 ஆகிவிடும். மாற்றம் 1, அசல் 2, ஆக செம்பெயர்ச்சி 0.5. நாடா எத்தனை மடங்கு நீண்டதோ, அதாவது 1.5, அது செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டிய எண். இந்தச் சின்ன உறவை மறந்துவிடாதீர்கள், கடைசியில் பெரிதாக உதவும்.

தூரமும் வேகமும்

வேகம் கோடுகளிலிருந்து வந்துவிட்டது. தூரத்தைத் தனியாக அளக்கவேண்டும், அதுதான் கஷ்டமான பாதி. ஹென்ரியெட்டா லீவிட், சீஃபீட் வகை மாறும் விண்மீன்களில் ஒளி கூடிக் குறையும் கால அளவுக்கும் உண்மையான பிரகாசத்துக்கும் தொடர்பு இருப்பதை 1912-இல் வெளியிட்டார். கால அளவைப் பார்த்தால் உண்மைப் பிரகாசம் தெரியும், எவ்வளவு மங்கித் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் தெரியும். 1923-இல் எட்வின் ஹபிள் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 2.5 மீட்டர் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமெடாவுக்குள் அப்படி ஒரு விண்மீனைப் பிடித்தார், அது நம் பால்வெளிக்கு வெளியே உள்ளது என்பது உறுதியானது. 1929-இல் 24 விண்மீன் திரள்களின் தூரத்தையும் வேகத்தையும் வரைபடமாக்கினார், வேகங்களில் பெரும்பாலானவை ஸ்லைஃபர் அளந்தவை. ஜார்ஜ் லெமேட்ர் இதே உறவை 1927-இலேயே, விரியும் பேரண்டம் என்ற விளக்கத்தோடு எழுதியிருந்தார், அதனால்தான் 2018-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் இதை ஹபிள்–லெமேட்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

வேகம் = ஹபிள் மாறிலி × தூரம்

மாறிலியின் மதிப்பு ஏறத்தாழ 70. அலகைப் பார்த்து மிரளவேண்டாம்: ஒவ்வொரு மெகாபார்செக் தூரத்துக்கும் நொடிக்கு 70 கிலோமீட்டர் வேகம் கூடும், அவ்வளவுதான். ஒரு மெகாபார்செக் என்பது 32.6 லட்சம் ஒளியாண்டு. நாம் முதலில் கணக்கிட்ட திரளின் வேகம் 6,000, அதை 70-ஆல் வகுத்தால் சுமார் 86 மெகாபார்செக், ஒளியாண்டில் 28 கோடி.

வரைபடத் தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். பயிற்சிக்காக நானே அமைத்த எண்கள் இவை: 20 மெகாபார்செக்கில் 1,500, 50-இல் 3,300, 80-இல் 5,800, 110-இல் 7,600. தூரம் கிடைமட்டத்தில், வேகம் செங்குத்தில். புள்ளிகளை முறித்து முறித்துச் சேர்க்காமல், ஆதிப்புள்ளி வழியாக எல்லாவற்றுக்கும் நடுவே போகிற மாதிரி ஒரே நேர்கோடு போடுங்கள், சாய்வு 70-ஐ ஒட்டி வரும். புள்ளிகள் ஏன் கோட்டில் கச்சிதமாக உட்காரவில்லை என்றால், விண்மீன் திரள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் ஒவ்வொன்றுக்கும் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் சொந்த வேகமும் உண்டு. பக்கத்தில் உள்ளவற்றில் இந்தச் சொந்த வேகமே ஜெயித்துவிடும். ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருவது அதனால்தான், அது விதியை மீறவில்லை.

சாய்விலிருந்து வயது

இப்போது படத்தைப் பின்னோக்கி ஓட்டுங்கள். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம், அது ஆறாம் வகுப்புக் கணக்கு. எந்தத் திரளை எடுத்தாலும் ஒரே நேரம்தான் வரும், ஏனென்றால் இருமடங்கு தூரம் என்றால் இருமடங்கு வேகம். ஒரு மெகாபார்செக் 3.09 × 10¹⁹ கிலோமீட்டர், அதை 70-ஆல் வகுத்தால் 4.4 × 10¹⁷ நொடி, ஆண்டாக மாற்றினால் ஏறக்குறைய 1,400 கோடி. நுட்பமான அளவீடுகள் தரும் வயது 1,380 கோடி ஆண்டு. இந்த நெருக்கம் கொஞ்சம் நம் அதிர்ஷ்டமும்கூட, ஏனென்றால் விரியும் வேகம் எப்போதும் ஒரே சீராக இருந்ததில்லை. முதலில் ஈர்ப்பால் தளர்ந்தது, பிறகு வேகம் பிடித்தது. வேகம் பிடித்திருப்பதை 1998-இல் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, வைத்து இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன, 2011-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹபிள் 1929-இல் பெற்ற மாறிலி 500-ஐ ஒட்டியது. அதைப் போட்டுப் பாருங்கள், பேரண்டத்தின் வயது வெறும் 200 கோடி ஆண்டு வரும். பூமியின் பாறைகள் அதைவிட வயதானவை! பிள்ளை அம்மாவைவிட மூத்தது என்கிற கதை. கோளாறு தூரத்தில் இருந்தது: சீஃபீட்களில் இரண்டு வகை உண்டு, அவற்றை ஒன்றாகக் கலந்துவிட்டார்கள் என்று 1952-இல் வால்டர் பாடே காட்டினார், பேரண்டத்தின் அளவும் வயதும் ஒரே மூச்சில் இருமடங்காயின. இன்றும் இழுபறி தீரவில்லை, பேரண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து வரும் ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணக்கிட்டால் 67, சீஃபீட்களும் சூப்பர்நோவாக்களும் வழியாகப் போனால் 73 என்று நிற்கிறது. உங்கள் தேர்வுக்கு 70 போதும், வினாத்தாளில் வேறு மதிப்பு கொடுத்திருந்தால் அதையே போடுங்கள்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

எதற்குள் விரிகிறது? எலாஸ்டிக்குக்கு வெளியே மேசை இருக்கிறது, அங்கேதான் உவமை உடைகிறது. பேரண்டம் விரிகிறது என்பதற்குப் பொருள், உள்ளே உள்ள தூரங்கள் கூடுகின்றன என்பது மட்டும்தான். அதற்கு வெளியே ஒரு காலி இடம் காத்திருக்கவேண்டியதில்லை.

நாமும் விரிகிறோமா? இல்லை. உடம்பை மின்விசை பிடித்திருக்கிறது, சூரியக் குடும்பத்தையும் பால்வெளியையும் ஈர்ப்பு பிடித்திருக்கிறது.

ஒளியைவிட வேகமாக விலகலாமா? போதுமான தூரத்தில் உள்ளவை அப்படி விலகுகின்றன. வெளிக்குள் எதுவும் ஒளியை முந்துவதில்லை, இங்கே வெளிதான் நீள்கிறது, ஆகவே சார்பியலுக்கு எந்தப் பங்கமும் இல்லை.

பெரிய எண்கள் வந்தால்

செம்பெயர்ச்சி 1 என்றால் ஒளியின் வேகம், 2 என்றால் இருமடங்கா? இப்படிப் பெருக்காதீர்கள், அந்தச் சூத்திரம் சிறிய எண்களுக்கு மட்டும். இங்கேதான் எலாஸ்டிக்கில் கண்ட உறவு கைகொடுக்கும்: செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டுங்கள், அந்த ஒளி புறப்பட்ட நாளிலிருந்து பேரண்டம் எத்தனை மடங்கு நீண்டிருக்கிறது என்று வரும். செம்பெயர்ச்சி 1 என்றால், ஒளி கிளம்பியபோது விண்மீன் திரள்களுக்கு இடையிலான தூரங்கள் இன்றைக்கு உள்ளதில் பாதி. இது எவ்வளவு பெரிய எண்ணுக்கும் பொருந்தும்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏன் அகச்சிவப்பில் பார்க்கிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். ஹைட்ரஜனுக்குப் புறஊதாவில் 121.6-இல் ஒரு முக்கியமான கோடு உண்டு. 2024-இல் அறிவிக்கப்பட்ட ஒரு விண்மீன் திரளின் செம்பெயர்ச்சி 14-ஐ ஒட்டியது. 15-ஆல் பெருக்குங்கள், 1,824 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் 700-ஐ எங்கோ தாண்டி அகச்சிவப்புக்குள் போய்விட்டது. பேரண்டம் பிறந்து சுமார் 30 கோடி ஆண்டில் கிளம்பிய ஒளி அது.

அதற்கும் முன்னால் போனால் 1965-இல் பென்சியாசும் வில்சனும் அறிவித்த அண்ட நுண்ணலைப் பின்னணி. பேரண்டத்துக்கு வெறும் 3,80,000 வயது, வெப்பநிலை 3,000 கெல்வின், அப்போது வெளிப்பட்ட ஒளி. அதன் உச்சம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டரில் இருந்தது. இன்று அது ஒரு மில்லிமீட்டர், வெப்பநிலை 2.7 கெல்வின். 3,000-ஐ 2.7-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 1,100. அலைநீளம் ஆயிரம் மடங்குக்கு மேல் இழுபட்டதும் வெப்பநிலை ஆயிரம் மடங்குக்கு மேல் இறங்கியதும் ஒரே விரிவின் இரண்டு பக்கங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு, கால்குலேட்டரை இன்னும் எடுத்து வைத்துவிடாதீர்கள். கால்சியத்துக்கு ஊதாவின் ஓரத்தில் அக்கம்பக்கமாக இரண்டு கறுப்புக் கோடுகள் உண்டு, அசல் அலைநீளம் 393.4, 396.8. ஒரு விண்மீன் திரளின் நிறமாலையில் அதே மாதிரி ஒட்டி நிற்கும் இரண்டு கோடுகள் 472.1-லும் 476.2-லும் இருக்கின்றன. முதலில் விகிதம் எடுத்து அவை கால்சியம்தானா என்று உறுதி செய்யுங்கள், பிறகு செம்பெயர்ச்சி, பிறகு ஒளி கிளம்பியபோது பேரண்டத்தின் தூரங்கள் இன்றைக்கு உள்ளதில் எத்தனை சதவீதம் என்று கண்டுபிடியுங்கள். விகிதம் இரண்டிலும் 1.009, செம்பெயர்ச்சி 0.2, கடைசி விடை 83 சதவீதம் வந்தால் சரி.